கொக்கு போகட்டும், மச்சான்

கல்முனை பஸார் வீதியில் எனக்கொரு சட்டம் போடும் கடை இருக்கிறது. பட்டம் வாங்கிய பிள்ளைகளின் சான்றிதழ், ஆயத்துல் குர்ஸி, கஃபதுல்லாவின் படம், இதுகளுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தால் மாசம் ஓடிவிடும். கரைச்சல் இல்லாத தொழில். அதில் கரைச்சலைக் கொண்டுவரவென்றே என் தங்கச்சி ஒரு படம் கீறுகிறவரைக் கலியாணம் முடித்தாள்.

மனிசன் கீறுவது வயல், குளம், களப்பு, கடற்கரை. வேறொன்றும் கீறமாட்டார். சும்மா சொல்லக்கூடாது, அருமையாகக் கீறுவார். அதுதான் எனக்கு ஆத்திரம். கை வராத ஆளென்றால் "போங்க மச்சான், போய் வேற வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நானும் என் வேலையைப் பார்த்திருப்பேன். அவர் கீறிய மழை வானத்தைக் கடைக்கு முன்னால் தொங்கவிட்டால், போகிற ஆக்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உண்மையான வானத்தைப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட கை. அந்தக் கைக்கு மேலே இருந்த மண்டைதான் சரியில்லை.

எங்கள் வீடுகளில் உயிருள்ளதின் உருவத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. மாட்டினால் மலக்குமார், அல்லாஹ்வின் வானவர்கள், வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்று சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்தது. அதனால் இயற்கைக் காட்சிக்கு எங்கள் ஊர்களில் நல்ல கேள்வி இருக்கிறது. புது வீடு கட்டியவர்களெல்லாம் ஹோலுக்கு ஒன்று வேண்டுமென்று வருவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. மாடு, கொக்கு, ஆள், ஒன்றும் இருக்கக்கூடாது. இதில் என்ன கஷ்டம்? வயலைக் கீறு, கொக்கை விடு. பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். என் மச்சானுக்கு விளங்காது.

ஒருநாள் சாய்ந்தமருதுக்கு மேற்கே வயல் வட்டைக்குள் அவரைத் தேடிப் போனேன். வரம்பில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, குடையைக் கட்டி வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறார். கன்வஸ் வெறும் வெள்ளை. காலையில் போன மனிசன், மத்தியானம் லுஹரும் தொழுதாயிற்று. முன்னால் வயலுக்குள் ஒரு கொக்கு.

"என்ன மச்சான், இன்னும் தொடங்கலியா?"

"கொக்கு நிக்குது."

"நிண்டா என்ன? மத்தத்தையெல்லாம் கீறுங்க. கொக்கு நிக்கிற இடத்துல பச்சைய அடிச்சிட்டா முடிஞ்சிதானே?"

என்னை ஒரு பார்வை பார்த்தார், ஏதோ நான் களவெடுக்கச் சொன்ன மாதிரி. "கொக்குக்குப் பின்னால இரிக்கிற பச்சை எப்பிடி எண்டு எனக்குத் தெரியாதே. கொக்கு போகட்டும், மச்சான்."

கொக்கு போனால் மாடு வரும். மாடு போனால் மாட்டைத் தேடி ஆள் வருவான். ஆள் போனால் வெயில் போயிருக்கும். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் கதிரையைத் தூக்கிக்கொண்டு போவார். இல்லாததைக் கீறமாட்டார், இருக்கிறதை மறைக்கமாட்டார். இதுதான் அவருடைய சட்டம். அந்தச் சட்டத்துக்கு நான் எந்தக் கண்ணாடியைப் போடுவது?

ஒருமுறை பொறுமை கெட்டு நானே ஒரு வேலை பார்த்தேன். இறக்காமத்துப் பக்கம் ஒரு குளக்கரையில் மூன்று நாளாக நீர்க்காகங்கள் போவதற்குக் காத்துக்கொண்டிருந்தார். அங்கே யானை விரட்ட வெடி வைத்திருப்பார்கள். தெரிந்த ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கி, மச்சானுக்குச் சொல்லாமல் மரத்துக்குப் பின்னால் நின்று கொளுத்திப் போட்டேன். அல்லாஹ்வே, அந்தச் சத்தத்துக்கு என் காதே அடைத்துப்போனது. குளத்தில் ஒரு குஞ்சு குருவி மிச்சமில்லை. நான் பெரிய வெற்றியோடு போய், "இப்ப கீறுங்க" என்றேன்.

மனிசன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"இதென்ன மச்சான்? ஒண்டும் இல்லியே இப்ப!"

"இது பயந்து போய்க் கிடக்கிற குளம். நேத்து இந்தக் குளம் இப்பிடி இருக்கல்ல. வாங்க போவம்."

கல்முனைக்கு வந்து சேரும் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் நான் அவரோடு கதைக்கவில்லை. கதைத்திருந்தால் எங்காவது வாய்க்காலுக்குள் விட்டிருப்பேன்.

கீறுவது ஒரு கரைச்சல் என்றால் விற்பது ஒன்பது கரைச்சல். ஒரு டீச்சர் வந்தார். புது வீடு, நீலக் கலர் சோபா. அதற்குப் பொருத்தமாக நீல வானத்தோடு ஒரு வயல் வேண்டும். எல்லாம் பேசி முடித்து, நான் அளவும் எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் நம்ம ஆள். நான் கண்ணைக் காட்டுகிறேன், காலை மிதிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை.

"இப்ப வானம் சாம்பல் டீச்சர். நீலம் ஏழாம் மாசம்தான் வரும். அப்ப கீறித் தாறன்."

"அது வரைக்கும் என்ன செய்யிற?" என்று அந்த மனுசி பாவம், உண்மையாகவே கேட்டார்.

"சோபாவுக்குச் சாம்பல் உறை போடுங்களேன்."

டீச்சர் போனவர் போனவர்தான். பிறகு நான் பேஸ்புக்கில் அவருக்கென்று ஒரு பக்கம் திறந்தேன். கடற்கரையில் சூரியன் எழும்பும் படமொன்றைப் போட்டேன். கட்டாரில் இருக்கும் நம்ம ஊர்ப் பையன்களெல்லாம் "மாஷா அல்லாஹ்", "என்ன விலை காக்கா" என்று எழுதினார்கள். அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவது. எனக்கு வாயெல்லாம் பல். பின்னேரம் திறந்து பார்க்கிறேன், அதே இடத்தில் மச்சான் தன் பெயரில் எழுதியிருக்கிறார்: "இதில் கடல் பிழையாகிவிட்டது. யாரும் வாங்க வேண்டாம்."

இப்படிப்பட்ட ஒருவரை வைத்துக்கொண்டு எந்த மடையன் வியாபாரம் செய்வான்? நான்தான் செய்தேன். எல்லாம் தங்கச்சியின் முகத்துக்காக. மச்சானின் உடன்பிறந்த பெண்டுகள், கலியாண வீடு, மௌத்து வீடு என்று எங்கே கண்டாலும் அவளைப் பார்த்து, "என்ன, உன்ட மாப்பிள்ள இன்னும் கொக்குப் பாக்கத்தான் போறாரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சொந்தத் தம்பியை அப்படிக் கேட்கிறார்கள், கேளுங்களேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து குசினியில் நின்று அழுவாள். நானும் மச்சானை நாலு ஏச்சு ஏசுவேன். ஏசி முடிக்கும் முன்பே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மேல் பாய்வாள்.

"அவர ஏசாதீங்க காக்கா. அவருக்குப் பொய் வராது. எனக்கு அது ஒண்டு போதும்."

பிறகு சொல்லுவாள்: "ஒரு தடவையாச்சும் இந்த ஊர் அவரப் பாக்கணும். ஆரெண்டு பாக்கணும்."

அந்த ஒரு தடவை வந்தது. ஊரில் பெரிய ஹாஜியார் ஒருவர், வயல்காரர், கலியாண மண்டபம் ஒன்று கட்டினார். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவர் முழுக்க அவருடைய வயல் இருக்கும் வட்டை, அறுவடைக்கு முந்திய நாளில் எப்படிக் கிடக்குமோ அப்படி, படமாக வேண்டும் என்றார். நான் மச்சானின் பெயரைச் சொன்னேன். "அந்தக் கொக்குக்காரரா?" என்று ஹாஜியாரே கேட்டார். "திறப்பு விழாவுக்கு முந்தி முடிச்சித் தருவார், நான் பொறுப்பு" என்று என் வாக்கைக் கொடுத்தேன். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கலியாணத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்தச் சுவரைப் பார்க்காமல் சோறு தின்ன ஏலாது. தங்கச்சி அன்றைக்கு எங்களுக்கெல்லாம் வட்டிலப்பம் அவித்தாள்.

மச்சான் படம் கீறும் கொப்பியோடு வட்டைக்குப் போனார். அவர் போன முதல் நாள் சுபஹுத் தொழுகைக்கு முந்திய இருட்டில் யானை வந்து போயிருக்கிறது. ஹாஜியாரின் வயல் தப்பிவிட்டது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஏழைக் கமக்காரரின் வயல் கண்டம், அதில் பாதி வேளாமை மிதிபட்டுச் சேறாய்க் கிடந்தது. காவல் பரண் சரிந்து கிடந்தது. பரணுக்குள் படுத்திருந்த மனிசன் உருண்டு விழுந்து, தவழ்ந்துபோய் உயிர் தப்பியிருக்கிறார். அவருடைய பூப்போட்ட போர்வை பாதி சேற்றுக்குள்ளும் பாதி வெளியிலும் கிடந்தது. அந்த மனிசன் வரம்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மச்சான் என்ன செய்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? ஆள் நிற்கிறாரே, கீற ஏலாதே. கதிரையைப் போட்டுக் குந்திவிட்டார். மூன்று நாள். மூன்று நாளும் வெயில் ஏறும் வரைக்கும் அந்தக் கமக்காரர் அதே இடத்தில் நின்றார், இவர் இங்கே இருந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நாலாம் நாள் அந்த மனிசனே வந்து, "என்னத்துக்குத் தம்பி காத்திருக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர் விசயத்தைச் சொன்னார். அவர், "அப்ப நான் உங்கட பின்னால வந்து நிக்கிறன்" என்றாராம்.

அப்படியே பின்னால் நின்று, கொப்பியில் ஒவ்வொரு கோடும் விழுவதைப் பார்த்திருக்கிறார். சரிந்த பரண், மிதிபட்ட வேளாமை, போர்வை, எல்லாம். போகும்போது, "என்ட பொஞ்சாதி நம்புறாளில்ல தம்பி. நான் அண்டைக்குப் பரணுக்குப் போகாம கடையில கரம் போர்ட் அடிச்சிட்டு இருந்தனாம். அதாலதான் யானை வந்ததாம்" என்று சொன்னார். மச்சான், "மண்டபம் திறக்கிற அண்டு கூட்டிட்டு வாங்க. சுவர்ல இரிக்கும், பாக்கட்டும்" என்றிருக்கிறார்.

இதெல்லாம் மச்சான் எனக்குப் பிறகு சொன்னது. அப்போது நான் கவனித்துக் கேட்கவில்லை. "சரி சரி, திறப்பு விழாவுக்கு முடியுமா?" என்பதுதான் என் கவலை.

முடித்துவிட்டார். பலகை கட்டி ஏறி நின்று, ஒரு மாதம் கீறினார். நான் மண்டப வாசலில் நின்று முழுசாகப் பார்த்தேன். தூரத்து மலையின் அடியில் பனிப் புகார், அதற்கு இந்தப் பக்கம் பொன் மாதிரி விளைந்து தலை சாய்ந்த வட்டை, நடுவில் வெட்டிய புண்ணாக அந்த மிதிபட்ட கண்டம். போர்வையின் சிவப்புப் பூக்கள் கூடத் தெரிந்தன. அது வெறும் உள்ளங்கை அளவு இடம். ஆனால் கண் அங்கேதான் போய் நின்றது.

வியாழக்கிழமை ஹாஜியார் வந்து பார்த்தார். பார்த்த முகம் சுருங்கிப்போனது.

"கலியாணம் செய்யிற இடத்துல அழிஞ்ச வயலா? அந்தச் சீலைத் துண்டென்ன, ஆரோ மௌத்தான மாதிரி? ஒரு பரக்கத் இல்லாம இரிக்கி. இத மாத்தச் சொல்லுங்க."

மச்சான் சத்தம் போடவில்லை. அவர் ஒருநாளும் சத்தம் போடுகிறதில்லை, அதுவும் ஒரு எரிச்சல். "அப்பிடித்தான் கிடந்த ஹாஜியார். விருப்பமில்லாட்டி வெள்ளையடிங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. மாற்றாவிட்டால் சுவருக்கு மேலே நீர்வீழ்ச்சி ஒன்றை பெனர் அடித்து ஒட்டுவதாகச் சொன்னார். இன்டர்நெட்டில் எடுத்த நீர்வீழ்ச்சி! அம்பாறை மாவட்டமே கூடிநின்று அதைப் பார்க்கும். என் தங்கச்சி அதற்கு முன்னால் நிற்பாள்.

"மச்சான் சம்மதிப்பார் ஹாஜியார். நாளைக்கு முடிஞ்சிரும்" என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம். கல்முனையில் ஜும்ஆ நேரம் என்றால் ஒரு கடை திறந்திருக்காது, வீதியில் ஒரு ஆண்பிள்ளை இருக்காது. நான் மண்டபத்துக்குள் பலகையில் ஏறி நின்றேன். பள்ளியில் குத்பா ஓதுகிற சத்தம் கேட்கிறது. என் வாழ்க்கையில் நான் வேண்டுமென்று விட்ட ஜும்ஆ அது ஒன்றுதான். மச்சானின் சாயப் பேணிகள் அங்கேயே இருந்தன. சட்டங்களுக்குப் பொன் பூசிப் பழகிய கை, மஞ்சள் அடிக்கத் தெரியாதா? போர்வையை அடித்தேன். சேற்றை அடித்தேன். சரிந்த பரணை மறைத்து, அந்த இடத்திலேயே ஒரு பரணை நேராக நிறுத்தினேன். கீழே இறங்கிப் பார்த்தால், நல்லாகத்தான் இருந்தது. உள்ளங்கை அளவு இடத்துக்கா இவ்வளவு பிடிவாதம் என்று அப்போதும் மச்சானைத்தான் ஏசினேன்.

ஞாயிறு சனம் நிரம்பி வழிந்தது. மௌலவி துஆ ஓதினார். பிறகு எல்லாரும் சுவருக்கு முன்னால்தான். "யாரு கீறின? நம்ம ஊர் ஆளா? சுபஹானல்லாஹ்!" கொக்குக் கதை கேட்டுச் சிரிக்கும் தங்கச்சியின் மதினிமார் கூட்டம் வாயைத் திறக்கவில்லை. தங்கச்சியின் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அவளுடைய கலியாணத்தன்றும் நான் காணவில்லை. மச்சான் பிந்தித்தான் வந்தார். ஆக்கள் கை கொடுக்கிறார்கள், முதுகில் தட்டுகிறார்கள். அவர் சுவரைப் பார்த்தார். அந்த இடத்தை நேரே பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் மஞ்சள் இன்னும் கிடந்தது. நான் கையைச் சாரனுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

சரி, இதோடு முடிந்தது, வீட்டில் வைத்து ஏசட்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தக் கமக்காரர் வந்தார். நன்றாகக் கழுவிய வெள்ளைச் சேர்ட், பக்கத்தில் பொஞ்சாதி. சனத்தை விலக்கிக்கொண்டு நேரே முன்னால் வந்து, "வா, வந்து பாரு" என்று அவளைக் கூப்பிட்டு விரலை நீட்டினார். நீட்டிய விரல் அப்படியே நின்றது.

"இதென்ன?" என்றாள் அவள். "பரண் எழும்பித்தானே நிக்கிது. வேளாமையும் நல்லாத்தான் கிடக்கு. போர்வை எங்க? போர்வை கிடக்கு எண்டு சொன்னீங்களே?"

அந்த மனிசன் சுவருக்குக் கிட்டப் போய்த் தேடினார். பிறகு மச்சானைக் கண்டுபிடித்து வந்தார்.

"தம்பி, நான் உங்கட பின்னாலதானே நிண்டன். நீங்க கீறினீங்கதானே? இவளுக்குச் சொல்லுங்க."

சுற்றி நின்றவர்களெல்லாம் கதையை நிறுத்திவிட்டார்கள். ஹாஜியார் நிற்கிறார், மதினிமார் நிற்கிறார்கள், தங்கச்சி நிற்கிறாள். ஒரு சொல் போதும். "இவர்தான் அடிச்ச" என்று என்னைக் காட்டினால் முடிந்தது. காட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு கொக்கைக் கூட மறைக்காத மனிசன்!

மச்சான் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "ராத்தா, அண்டைக்கு உங்கட மாப்பிள்ள பரணுக்குள்ளதான் படுத்திருந்தார். பரண் சரிஞ்சி கிடந்த. உங்கட போர்வை சேத்துக்குள்ள கிடந்த, சிவப்புப் பூ. நான் கண்ணால கண்டன்."

"அப்ப ஏன் கீறல்ல?"

"கீறினன்." சுவர்ப் பக்கம் திரும்பினார். "மறுகா நான்தான் அழிச்சிட்டன். கலியாண மண்டபம்தானே."

கமக்காரர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்களுமா தம்பி?" என்றார். பொஞ்சாதியைக் கூட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பக்கமும் போகாமல் வெளியே போய்விட்டார். யாரோ பின்னால் மெதுவாகச் சிரித்தார்கள். "பெரிய நேர்மைக்காரர்" என்று ஒரு குரல் கேட்டது.

நான் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். மச்சான் அன்றைக்கோ, அதற்குப் பிறகோ அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் கதைக்கவில்லை. கொஞ்ச நாளில் கோமாரிப் பக்கம் குடி போய்விட்டார்கள். கடைக்குப் படம் தருவதையும் விட்டுவிட்டார். ஒரு ஏச்சாவது ஏசியிருக்கலாம், என்ன மனிசன் இது! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

திறப்பு விழா அன்றைக்கு மச்சான் யாருக்கும் சொல்லாமல் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். தங்கச்சியை நான்தான் ஓட்டோவில் ஏற்றிக் கொண்டு வந்தேன். அவள் அழவில்லை. பாதி வழி வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"காக்கா, அவரும் மத்த ஆக்களப் போலதான், என்ன?"

"ஓம், அப்பிடித்தான்" என்றேன்.